ஒரே கண், இரண்டு கோமா எண்கள்: எது சரி?

கேள்வி சுருக்கமாக இது. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கண் பரிசோதனை நிலையத்தில் ஸ்கேன் எடுக்கும் தம்பி கேட்டிருக்கிறார். டொங்காட்டிலிருந்து வந்த 17 வயதுப் பையனுக்கு வலது கண்ணில் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி (கண்ணின் முன்புறத் தெளிவான படலம்) மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய். இவர்களுடைய ஷைம்ப்ஃப்ளூக் கருவியில் (கருவிழியைக் குறுக்குவெட்டாகப் படம் எடுப்பது) கோமா, அதாவது ஒளிப்புள்ளியை வால்நட்சத்திரம் போல வாலோடு காட்டும் குறை, 2.9 மைக்ரான். பையன் கொண்டுவந்த வேறொரு இடத்து அலைமுக அறிக்கையில் (கண் வழியே வரும் ஒளி அலை எவ்வளவு கோணியிருக்கிறது என்று அளப்பது) 0.95. ஆறு மாதத்துக்கு முன் இதே ஷைம்ப்ஃப்ளூக் கருவியில் 2.5. இதில் எதை நம்புவது? நோய் முற்றிவிட்டதா? அம்மாவுக்கு என்ன சொல்வது?

தம்பி, அந்த இரண்டு கருவிகளும் சண்டை போடவில்லை. நீங்கள் அனுப்பிய தாள்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். முதல் தாளில் கருவிழி முன்பக்கம், 6 மி.மீ. என்று இருக்கிறது. இரண்டாவதில் முழுக் கண், 4.5 மி.மீ. கோமா மூன்றாம் படியில் வரும் பிறழ்ச்சி (பிறழ்ச்சி என்பது ஒளி ஒரே புள்ளியில் குவியாத குறை). அளக்கும் வட்டத்தின் விட்டம் சுருங்கினால் அது சடசடவென்று இறங்கிவிடும். 4.5-ஐ 6-ஆல் வகுத்தால் 0.75. அதை மூன்று தடவை தன்னோடு பெருக்கினால் (0.75 × 0.75 × 0.75) 0.42. 2.9-ஐ 0.42-ஆல் பெருக்கினால் 1.22. அதாவது உங்கள் கருவி சொன்ன 2.9-உம் 4.5 மி.மீ. வட்டத்தில் 1.22-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐந்தாம் படிப் பிறழ்ச்சிகளும் இந்தச் சுருக்கத்தில் கொஞ்சம் கலக்கும் என்பதால் கணக்கு துல்லியமாக இராது. ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

1.22-க்கும் 0.95-க்கும் நடுவே இருக்கும் மிச்சம் எங்கே போனது? கருவிழியின் பின்பக்கம் அதைத் தின்றுவிட்டது. இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள், பின்னால் லென்ஸ் போடும்போதும் இதே கணக்குதான் கைகொடுக்கும். கருவிழியின் ஒளிவிலகல் எண் 1.376, காற்றுக்கு 1. எனவே முன்பக்கம் ஓரிடத்தில் 1 மைக்ரான் கூடுதலாகப் புடைத்தால், அங்கே ஒளி அலை 0.376 மைக்ரான் பின்தங்கும். பின்பக்கத்தைத் தொட்டிருப்பது முன்கண் நீர். அதன் எண் 1.336. இரண்டுக்கும் வித்தியாசம் 0.040 மட்டுமே. அதோடு திசையும் எதிர்: பின்பக்கம் முன்னோக்கிப் புடைத்தால் அலை முந்திக்கொள்ளும். கூம்பின் உச்சியில் முன்பக்க உயரம் 20 மைக்ரான், பின்பக்க உயரம் 45 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் 20 × 0.376, அதாவது 7.5 மைக்ரான் கெடுக்கிறது. பின்பக்கம் 45 × 0.040, அதாவது 1.8 மைக்ரான் எதிர்த்திசையில் இழுத்துச் சரிசெய்கிறது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 1.22-இல் நாலில் ஒரு பங்கு போக 0.92 வரும், மற்ற நிலையம் கொடுத்த 0.95-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். மீதியைக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கூட்டியோ குறைத்தோ இருக்கலாம்.

ஆகவே இனி எந்த அறிக்கையிலும் கோமா எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: எந்தப் பரப்பு, எந்த விட்டம், எந்த நடுப்புள்ளி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். நடுப்புள்ளியைப் பலரும் கவனிப்பதில்லை. டோப்போகிராபி கருவிகள் (கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபவை) பெரும்பாலும் கருவிழியில் ஒளி நேராகத் திரும்பும் புள்ளியை நடுவாகக் கொள்கின்றன. அலைமுகக் கருவி கண் பாப்பாவின் நடுவை. சாதாரணக் கண்ணில் 0.3 மி.மீ. நகர்ந்தால் பெரிய பாதகம் இல்லை. கூம்பு இருக்கும் கண்ணில் அதே நகர்வு கோமாவின் ஒரு பகுதியை சிலிண்டர் பவராகவும் குவியப் பிழையாகவும் மாற்றிக் காட்டும். மென்பொருளில் நடுவைக் கண் பாப்பாவுக்கு மாற்றும் வசதி இருந்தால், பையன் எப்படிப் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ள அதை மாற்றிப் பாருங்கள்.

இன்னொரு பொறி. ஷைம்ப்ஃப்ளூக் கருவிகள் சிலவற்றில் ஸெர்னிக்கே கணக்கு (வடிவத்தைப் படிப்படியான அடிப்படை உருவங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுப்பது) இரண்டு பக்கங்களில் வரும். ஒன்று பரப்பின் உயரத்தைப் பகுத்துக் காட்டுவது, மற்றொன்று அலைமுகத்தை. இரண்டிலும் அலகு மைக்ரான்தான், பெயர்களும் ஒன்றுதான். மேலே பார்த்த 0.376 கணக்கின்படி உயரப் பக்கத்து எண் இரண்டரை மடங்குக்கு மேல் பெரிதாக நிற்கும். தவறான பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்தால் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போய்விடும்.

கோமா எண் எப்படி வருகிறது என்பதையும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். பையனின் தாளில் செங்குத்துக் கோமா −2.8, கிடைக்கோமா 0.75. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 7.84 + 0.56 = 8.40; வர்க்கமூலம் 2.9. கெரட்டோகோனஸில் கூம்பு பெரும்பாலும் நடுவுக்குக் கீழே இறங்கி நிற்பதால் செங்குத்துப் பங்குதான் ஓங்கி நிற்கும், வழக்கமான குறியீட்டில் கழித்தல் குறியோடு. அது கூட்டல் குறியோடு வந்தால் கூம்பு மேலே இருக்கிறதா, கருவி வேறு குறியீட்டில் எழுதுகிறதா, தலை சாய்ந்திருந்ததா என்று சோதியுங்கள். வலது கண்ணையும் இடது கண்ணையும் ஒப்பிடும்போது, கண்ணாடிப் பிம்பம் போல, கிடைக்கோமாவின் குறி மாறும், செங்குத்துக்கு மாறாது.

இனி அளக்கும் வேலைக்கு வருவோம். பிழையில் பாதி கருவிக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவரா என்று முதலில் கேளுங்கள். மென்மையான லென்ஸ் என்றால் குறைந்தது ஒரு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம் கழற்றி வைத்திருக்க வேண்டும். கெட்டி லென்ஸ் கூம்பின் உச்சியை அழுத்தித் தட்டையாக்கி வைத்திருக்கும். கழற்றிய மறுநாள் எடுத்த ஸ்கேன், நோய் தணிந்துவிட்டது போல ஏமாற்றும். ஆனால் லென்ஸ் இல்லாமல் வேலைக்கோ பள்ளிக்கோ போகவே முடியாதவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கண்ணை மட்டும் ஓய்வில் விட்டு அளந்துவிட்டு, அடுத்த கண்ணுக்கு இன்னொரு நாள் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் ஒவ்வொரு வருகையிலும் அதே இடைவெளியை வைத்து, அதைத் தாளில் எழுதுங்கள்.

கண்ணைத் தொடும் எந்தப் பரிசோதனைக்கும் முன்பே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். மரத்துப்போகும் சொட்டு, மஞ்சள் சாயம், அழுத்தம் பார்த்தல் எல்லாமே கண்ணீர்ப் படலத்தைக் கலைத்துவிடும். நம் பக்கத்தில் பருவமும் விளையாடும். குளிர்காலத்தில் மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று இறங்கும் நாளில் கண்ணீர் சீக்கிரம் காய்ந்து படலம் உடையும். கரும்புத் தோட்டத்தைக் கொளுத்தும் மாதங்களில் டொங்காட் பக்கத்துப் பிள்ளைகள் கரித்தூள் விழுந்த கண்ணைக் கசக்கிக்கொண்டே வருவார்கள். கசக்குவது கூம்பு நோய்க்கே கெடுதல். ஸ்கேனுக்கு முன் கசக்கினால் அன்றைய எண்ணும் கெடும். உட்காரவைத்து, பத்து நிமிடம் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோக விடாமல், பிறகு தொடங்குங்கள்.

அறையை இருட்டாக்குங்கள். தாடை தாங்கியில் நன்றாக ஊன்றி, நெற்றி பட்டையைத் தொட்டு, இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். தலை சில டிகிரி சாய்ந்தாலே செங்குத்துக் கோமாவின் ஒரு பங்கு கிடைக்கோமாவுக்குப் போய்விடும். மூக்கின் நிழல் விழுந்தால் முகத்தைச் சற்றே திருப்புங்கள். இரண்டு முறை மெதுவாக இமைக்கச் சொல்லி, பிறகு அகலத் திறக்கச் சொல்லி, இரண்டு மூன்று நொடிக்குள் படம் எடுங்கள். இமைத்த மறுகணமே எடுத்தால் படலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்தாறு நொடி தாண்டினால் பலருக்குக் காய ஆரம்பிக்கும். இமையைத் தூக்கிப் பிடிக்க நேர்ந்தால் விரல் புருவ எலும்பின் மேல் நிற்க வேண்டும், கண்ணின் மேல் கூடாது. மெலிந்த கருவிழி ஒரு சிறு அழுத்தத்துக்கே வடிவம் மாறும்.

கருவிக்குள் இருக்கும் இலக்கு விளக்கு கூம்புக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியாது. இரண்டு மூன்றாக, வாலோடு தெரியும். எதைப் பார்ப்பது என்று பையன் திணறுவான். "மிகப் பிரகாசமாகத் தெரியும் புள்ளியை மட்டும் பார்" என்று சொல்லிக் கொடுங்கள், மூன்று படத்துக்கும் அதையே பார்க்கச் சொல்லுங்கள்.

முழுக் கண்ணை அளக்கும் கருவியில் 6 மி.மீ. கணக்கு வேண்டுமென்றால் கண் பாப்பா நிஜமாகவே 6 மி.மீ. விரிந்திருக்க வேண்டும். இளவயதுக் கண் என்பதால் இருட்டில் சில நிமிடம் வைத்தால் பல சமயம் விரியும். சொட்டு போட்டு விரித்தால் பாப்பாவின் நடுப்புள்ளி இடம் மாறும், கிட்டத்தில் பார்க்கக் கண் தானாகச் செய்யும் குவிப்பும் தளரும். சொட்டு போட்டதைத் தாளில் குறிக்காமல் விடாதீர்கள்.

படம் எடுத்ததும் உங்கள் கண் தானாகவே வண்ண வரைபடத்துக்குப் போகும். போக விடாதீர்கள். முதலில் மூலப் படம். பிளாசிடோ கருவியில் அது கருவிழியில் விழுந்த வளையங்களின் பிம்பம். கெரட்டோகோனஸில் வளையங்கள் வட்டமாக இராது, ஒரு பக்கம் இழுத்த முட்டை போலிருக்கும். கூம்பு நிற்கும் கீழ்ப்பக்கத்தில் வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கும். அந்த நெருக்கத்தில் ஒரு வளையம் உலர்ந்த திட்டில் அறுந்தால், மென்பொருள் எட்டாவது வளையத்தின் இடது முனையை ஒன்பதாவதின் வலது முனையோடு கோத்துவிடும். வரைபடத்தில் அது அழகான சிவப்புத் திட்டாக வந்து நிற்கும், எண்ணும் வரும், அது முழுப் பொய். வளையங்களை விரலால் ஒரு சுற்று தொடர்ந்து பார்த்தால் போதும், பிடித்துவிடலாம். ஷைம்ப்ஃப்ளூக் கருவியில் குறுக்குவெட்டுப் படங்களைப் புரட்டி, கருவி வரைந்த கோடு கருவிழியின் விளிம்பிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். தழும்பு இருக்கும் இடத்தில் ஒளி சிதறி, பின்பக்கக் கோடு தவறான இடத்தில் விழும். தர அடையாளம் பச்சையோ வெள்ளையோ இல்லாமல் மஞ்சள், சிவப்பு என்று வந்தால் மறுபடி எடுங்கள். 6 மி.மீ. வட்டத்துக்குள் மேல் இமை மறைத்த இடம் இருந்தால் அங்கே கருவி ஊகித்து நிரப்பியிருக்கும். கோமா என்பதே மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு என்பதால், மேல்பாதி ஊகமானால் கோமாவும் ஊகம்தான்.

மற்ற நிலையத்தில் இருக்கும் ஹார்ட்மன்-ஷேக் வகைக் கருவிக்கும் தனி வரம்பு உண்டு. அது கண்ணிலிருந்து திரும்பும் ஒளியைச் சின்னஞ்சிறு வில்லைகளின் வரிசை வழியே புள்ளிகளாக விழவைத்து, ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்க்கிறது. சரிவு மிகுந்த கூம்பில் ஒரு புள்ளி பக்கத்து வில்லையின் எல்லைக்குள் போய்விடும், அல்லது இரட்டையாக மங்கிவிடும். கருவி அந்தப் புள்ளிகளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், மிக மோசமான பகுதியே கணக்கில் இல்லாமல், எண் உண்மையைவிடக் குறைவாக வரும். கதிர்களை ஒவ்வொன்றாக அனுப்பும் கருவிகளில் எந்தப் புள்ளி எந்தக் கதிர் என்ற குழப்பம் கிடையாது. முற்றிய கண்களுக்கு அவை மேல். பிளாசிடோவிலும் ஷைம்ப்ஃப்ளூக்கிலும் கண் பாப்பா தடையாக இல்லை என்பது ஒரு வசதி, கண்ணின் உள் லென்ஸ் அவற்றின் கணக்கில் வராது என்பது அதற்கான விலை.

மென்பொருள் ஸெர்னிக்கே கணக்கில் எத்தனையாம் படி வரை பொருத்துகிறது என்றும் பாருங்கள். ஆறாம் படி வரை என்றால் 28 உறுப்புகள். எட்டாம் படி வரை என்றால் 45. சாதாரணக் கண்ணுக்கு ஆறு போதும். கூர்மையான கூம்புக்கு ஆறாம் படியில் மேடு மழுங்கி, பொருத்தப் பிழை மிச்சம் நிற்கும். எட்டுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், ஆனால் பழைய ஸ்கேனையும் அதே படியில் மறுபடி கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

வாரத்துக்கு ஒரு தடவை, கருவியை நகர்த்தினாலோ மின்சாரம் போய் வந்தாலோ கட்டாயமாக, கருவியோடு வந்த சோதனை உருண்டையை அளந்துவிடுங்கள். ஆரம் 8.00 மி.மீ. என்று எழுதியிருந்தால் 42.19 டயாப்டர் வர வேண்டும் (337.5-ஐ 8-ஆல் வகுத்தது). உருண்டைக்குக் கோளப் பிறழ்ச்சி கொஞ்சம் இருக்கும், அது இயல்பு. கோமா வரக் கூடாது. வந்தால் கருவியின் நேர்கோடு பிசகியிருக்கிறது.

இப்போது அந்த 2.5-லிருந்து 2.9. ஒரே ஒரு படத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே உட்காரலில், தாடையை எடுத்து மறுபடி வைக்கச் சொல்லி, மூன்று படம் எடுங்கள். 2.7, 2.9, 3.1 என்று வந்தால் திட்ட விலக்கம் 0.2. இரண்டு தனித்தனி அளவீடுகளுக்கு இடையே நிஜமான மாற்றம் என்று சொல்ல வேண்டுமானால் வித்தியாசம் இதைப் போல 2.77 மடங்கைத் தாண்ட வேண்டும்: 0.55. உங்கள் 0.4 அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பையனின் மூன்று படத்தில் வரும் விலக்கமே நிலையானதல்ல; பத்துப் பதினைந்து கெரட்டோகோனஸ் கண்களில் இப்படி மூன்று மூன்று எடுத்து, விலக்கங்களின் வர்க்கங்களைச் சராசரியாக்கி வர்க்கமூலம் கண்டால் உங்கள் கருவிக்கும் உங்கள் கைக்கும் உரிய எண் கிடைக்கும். மிதமான கண்களையும் முற்றிய கண்களையும் தனித்தனியாகச் சேருங்கள். கூம்பு கூராகக் கூராக அளவீட்டின் ஆட்டமும் கூடும்.

அதற்காக "ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து வா" என்று அனுப்பிவிடாதீர்கள். வயது 17. இந்த வயதில் நோய் வேகமாக ஓடக்கூடியது, முற்றியதற்குச் சான்று வரட்டும் என்று பல கருவிழி மருத்துவர்கள் காத்திருப்பதே இல்லை. 2015-இல் உலகளவில் நிபுணர்கள் ஒப்புக்கொண்ட வரையறையில் முற்றுதல் என்பது மூன்றில் இரண்டு மாறுவது: முன்பக்க வளைவு கூடுதல், பின்பக்க வளைவு கூடுதல், தடிமன் மெலிதல். அதுவும் கருவியின் ஆட்டத்தைத் தாண்டி. அதில் கோமா இல்லை. எனவே அதே மூன்று படங்களிலிருந்து முன்பக்க, பின்பக்க வளைவு எண்களையும் மிக மெல்லிய இடத்தின் தடிமன்களையும் எடுத்து, ஆறு மாதத்துக்கு முந்தையவற்றோடு சேர்த்து மருத்துவரிடம் அனுப்புங்கள். குறுக்குப் பிணைப்புச் சிகிச்சைக்கு (கருவிழியை விறைப்பாக்கி நோயை நிறுத்தப் பார்ப்பது) வழக்கமான முறையில் 400 மைக்ரான் தடிமன் வேண்டும் என்பதால் நாள் கடத்துவது வழியை அடைக்கக்கூடும்.

கோமாவை வைத்து நிலை சொல்லும் அட்டவணையும் ஒன்று உண்டு; 2006-இல் ஆலியோ, ஷபாயெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கொடுத்தது. அதில் 1.5 முதல் 2.5 வரை முதல் நிலை, 3.5 வரை இரண்டு, 4.5 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. அது முன்பக்கக் கருவிழிக்கு, 6 மி.மீ. வட்டத்துக்கு உரியது, அங்கே சொல்லப்படுவது கோமா போன்ற பிறழ்ச்சிகளின் கூட்டு, தனிக் கோமா அல்ல. மற்ற நிலையத்து 0.95-ஐ அந்த அட்டவணையில் வைத்து "நோயே இல்லை" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

லென்ஸ் போட்ட பிறகு வரும் ஒரு புகாருக்கும் இப்போதே பதில் வைத்துக்கொள்ளுங்கள். கூம்பு கீழே இருக்கும் கண்ணுக்கு விளக்கின் வால் ஒரு பக்கமாக நீண்டு தெரியும். கெட்டி லென்ஸோ ஸ்க்ளீரல் லென்ஸோ (கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய லென்ஸ்) போட்டதும் அந்த வால் குட்டையாகி எதிர்ப்பக்கம் திரும்பும். லென்ஸ் தப்பு என்று திருப்பிக் கொடுப்பார்கள். முன்னே போட்ட கணக்கை மறுபடி எடுங்கள். லென்ஸுக்குக் கீழே காற்று இல்லை, நீர் இருக்கிறது. அதன் எண் 1.336. முன்பக்கத்து 20 மைக்ரான் மேட்டுக்கு இப்போது 0.376 கிடையாது, வெறும் 0.040: கெடுதல் 0.8 மைக்ரான். பின்பக்கம் பழையபடி 1.8, எதிர்த்திசையில். மிச்சம் 1.0 மைக்ரான், பின்பக்கத்தின் திசையில். அதனால்தான் வால் தலைகீழாகிறது. லென்ஸோடு ஒரு தடவை, லென்ஸ் இல்லாமல் ஒரு தடவை முழுக் கண்ணை அளந்து, செங்குத்துக் கோமாவின் குறி மாறியிருப்பதைக் காட்டினால் நம்புவார்கள். லென்ஸ் சரியாக உட்காராமல் நழுவியிருந்தாலும் கோமா வரும் என்பதால், லென்ஸின் நடு எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்குச் சொல்ல மைக்ரான் வேண்டாம். வீட்டில் இருட்டில் குத்துவிளக்கின் ஒரு திரியை மட்டும் ஏற்றி, மூன்று மீட்டர் தள்ளிப் பையனை உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தெரிவதைக் காகிதத்தில் வரையச் சொல்லச் சொல்லுங்கள். சுடரின் வால் எந்தப் பக்கம், சுடரைப் போல எத்தனை நீளம், எத்தனை நிழற்சுடர்கள் என்பது தெரியட்டும். பிறகு அட்டையில் ஊசியால் போட்ட துளை வழியே பார்த்து இன்னொரு படம். துளை வழியே வால் சுருங்கினால், பார்வை மங்கலில் பெரும்பங்கு இந்தப் பிறழ்ச்சியால்தான் என்று ஆயாவுக்கும் விளங்கும். இரண்டு படத்திலும் தேதியும் கண்ணும் எழுதி, அடுத்த வருகைக்குக் கொண்டுவரட்டும். நீங்கள் உங்கள் தாளின் தலையில் எழுத வேண்டியவை: கருவி, பரப்பு, விட்டம், நடுப்புள்ளி, எத்தனையாம் படி, லென்ஸ் கழற்றி எத்தனை நாள், சொட்டு உண்டா, மூன்று படங்களின் மூன்று எண்கள். இந்த ஒரு தாள் கையில் இருந்தால் பையன் நாளை எந்த ஊரில் எந்தக் கருவிக்கு முன் உட்கார்ந்தாலும், அங்கே இருப்பவர் 2.9-ஐயும் 0.95-ஐயும் பார்த்துக் குழம்ப வேண்டியிருக்காது.